திருச்சி மலைக்கோட்டைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள்

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று எங்கிருந்து வந்து திருச்சியில் இறங்கினாலும் நம் ஆட்கள் போடுகிற திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் ஸ்ரீரங்கம், அடுத்து திருவானைக்காவல், மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு மணி நேரம் மிஞ்சினால் மலைக்கோட்டை. நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். மே மாதம், மதியம் இரண்டு மணி. மலை நடுவில் இருக்கும் தாயுமானவர் என்னும் சிவன் சன்னதியின் நடை சாத்தியிருந்தது. உச்சிக்குப் போகிற கடைசிப் படிகள் வெட்டவெளியில் இருப்பதால் பாறை தோசைக்கல் மாதிரி கொதித்தது. செருப்பைக் கீழேயே விட்டாயிற்று, ஏழு வயது மகன் கால் சுடுகிறது என்று அழ, அவனைத் தூக்கிக்கொண்டே பாதியில் திரும்பினோம். அடுத்த முறை டிசம்பரில் போனபோது நாலு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அதே மலை, ஆனால் வேறு அனுபவம். அதனால்தான் சொல்கிறேன், நேரம்தான் இங்கே எல்லாம்.

மலையின் உயரம் 83 மீட்டர்தான். ஆனால் படிகள் நானூறுக்கு மேல். பழனி மாதிரி விஞ்ச், ரோப் கார் எதுவும் கிடையாது. இதைக் கேட்டதும் வயதானவர்களை ஓட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த மலையில் கும்பிட மூன்று இடம் இருக்கிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார். முட்டி வலிக்காரர்கள் மாணிக்க விநாயகரோடு நிறுத்திக்கொண்டாலும் குறை ஒன்றும் இல்லை. என் அம்மா தாயுமானவர் வரை வந்தார். அதுவரை படிகள் பெரும்பாலும் கூரைக்குள்ளேயே போவதால் வெயில் இல்லை, பத்துப் படிக்கு ஒரு தரம் ஓரமாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார், அவசரப்படுத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

தாயுமானவர் கதை தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்குத் துணைக்கு வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொள்ள, சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொண்டுவந்து வைப்பது இங்கே வழக்கம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவருக்காக நீங்கள் வேண்டிக்கொண்டு வரலாம், அவரைப் படியேற்ற வேண்டாம். சன்னதிகளுக்குள் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை, அதனால் மருமகனோ மருமகளோ வேற்று மதத்தவர் என்றால் வாசலில் வைத்து மனம் நோகாமல், கிளம்பும்போதே பேசிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தாயுமானவரைத் தாண்டி உச்சிக்கு ஏறும் வழியில் ஒரு குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில் இருக்கிறது. நூறு பேர் போனால் தொண்ணூறு பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. பூட்டியிருக்கும் நாளும் உண்டு, திறந்திருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள். சுவரில் கங்காதரர், அதாவது கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் சிற்பம். ஒரு கை சடையை ஒற்றை இழையாகத் தூக்கிப் பிடித்திருக்க, அதில் சின்னப் பெண்ணாகக் கங்கை இறங்கி வருகிறாள், இன்னொரு கையில் பாம்பு, தூக்கிய காலைக் கீழே ஒரு பூதம் தாங்குகிறது. பக்கத்துத் தூண்களில் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதப் பாட்டு வெட்டியிருக்கிறார்கள். அதன் பொருள் அவ்வளவு அழகு: நதிகள் மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியைப் பார்த்தால் அவள் மேலும் ஆசைப்பட்டுவிடுவானோ என்று பயந்து, மலைமகளான பார்வதி பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாள், காவிரி பல்லவனுக்குப் பிரியமானவள் என்றும் சொல்கிறாள். இதை அங்கே நின்று சொன்னபோது என் மகளுக்கு வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை, அதுவரை போனை விட்டு நிமிரவே இல்லை, அப்புறம் அவளே அந்தப் பாம்பு எந்தக் கையில் என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

உச்சிக்கு வந்ததும் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். கீழே காவிரி, அதைத் தாண்டி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி, 1987இல்தான் கட்டி முடித்தார்கள். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப்போன ரங்கநாதரைச் சிறுவன் வடிவில் வந்த பிள்ளையார் ஆற்றங்கரையில் கீழே வைத்துவிட, கோபத்தில் துரத்திவந்த விபீஷணன் இந்த உச்சியில்தான் அவர் நெற்றியில் குட்டினான் என்பார்கள். ரங்கநாதர் இலங்கையைப் பார்த்துத் தெற்கு நோக்கிப் படுத்திருப்பது அதனால்தானாம். கதை நடந்த இரண்டு இடமும் ஒரே பார்வையில் தெரிவது இங்கேதான், யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் கூட வந்தால் இதை அவசியம் சொல்லுங்கள். காவிரியில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்றால் மே மாதம் வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை வருகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

சென்னையிலிருந்து என்றால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலையில் திருச்சி. ஊருக்குள் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காரை மலையடிக்குக் கொண்டுபோகாதீர்கள், என்.எஸ்.பி. சாலைப் பக்கம் துணிக்கடைக் கூட்டத்தில் நகரவே முடியாது, தெப்பக்குளத்துக்கு வெளியிலேயே இறங்கிக்கொள்வது மேல். பத்து இருபது ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள், பூக்காரம்மாவிடம் வெளிநாட்டு கார்டு செல்லாது. ஸ்பெஷல் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று கீழே ஒருவர் எங்களிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போனார், கட்டணம் எதுவானாலும் கவுண்டரில் சீட்டு வாங்கி மட்டும் கொடுங்கள்.

இருட்டுவதற்குள் உச்சியிலிருந்து கிளம்பிவிடுங்கள். இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வலிக்கும், பெரியவர்களுக்கு ஒரு படி முன்னால் நீங்கள் இறங்குங்கள், அவர்கள் கை உங்கள் தோளில் இருக்கட்டும்.