ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலருடைய இணையத்தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்வதுதான் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரு சர்வரில் 300 வாடிக்கையாளர்கள் என்றால், 300 பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். ஃபயர்வால் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இது மாறாது. அவர்களில் யாராவது ஒருவர் பழைய பிளகினை அப்டேட் செய்யாமல் விட்டிருப்பார். அந்த ஓட்டை வழியே வருபவனுக்கு அவருடைய லினக்ஸ் கணக்கு கிடைத்துவிடும். அங்கிருந்து அவனால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது நம் அமைப்பைப் பொறுத்தது. மோசமான தவறுகள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியை எல்லாத் தளங்களுக்கும் ஒரே பயனர் பெயரில் ஓட விடுவது இவற்றில் பெரியது. பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் அப்பாச்சி மென்பொருளுக்குள்ளேயே பிஎச்பியைச் சேர்த்து ஓட்டினால் வழக்கமாக இதுதான் நிலைமை. ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் பக்கத்துத் தளத்தின் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பைப் படித்துவிடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் அப்படியே எழுதியிருக்கும். குறிப்பிட்ட ஃபோல்டருக்கு வெளியே பிஎச்பி கோப்புகளைத் திறக்க விடாத ஓப்பன் பேஸ்டிர் அமைப்பைப் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பிஎச்பி வழியாக வெளிக் கட்டளை ஒன்றை இயக்கினால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு கணக்குக்கும் அதன் சொந்தப் பயனர் பெயரில் தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல், அதாவது பிஎச்பி புராசஸ்களின் தனிக் குழு, வையுங்கள். அப்புறம் எல்லோரையும் படிக்க, எழுத, இயக்க விடும் 777 அனுமதி யாருக்கும் தேவைப்படாது.

அதன் பிறகும் சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, என்ற வழி திறந்திருக்கும். தன் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்கை உருவாக்கி, பக்கத்துக் கணக்கின் கான்ஃபிக் கோப்பைச் சுட்டினால் போதும், அப்பாச்சி அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகப் பிரவுசருக்கு அனுப்பிவிடும். சிம்லிங்குக்கும் அது சுட்டும் கோப்புக்கும் உரிமையாளர் ஒருவராக இருந்தால் மட்டும் அதைத் தொடரச் சொல்லும் அமைப்பு அப்பாச்சியில் உண்டு. ஆனால் சோதிக்கும் நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவே சிம்லிங்கை மாற்றி அதை ஏமாற்றலாம், அப்பாச்சியின் ஆவணமே இதைப் பாதுகாப்புத் தடையாக எண்ண வேண்டாம் என்கிறது. தனி பூல் இருக்கும்போது கான்ஃபிக் கோப்புக்கு உரிமையாளர் மட்டும் படிக்க, எழுதக்கூடிய 600 அனுமதி வைத்தால், அப்பாச்சியின் பயனரால் அதைத் திறக்கவே முடியாது. ஒரு கணக்கின் கண்ணுக்கு மற்ற கணக்குகளை மறைக்கும் கேஜ்எஃப்எஸ் போன்ற தடுப்பும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ரீபூட்டைத் தள்ளிப்போடும் பழக்கம். உள்ளே ஒரு கணக்கு இருந்தாலே ரூட், அதாவது சர்வர் முழுவதையும் ஆளும் பயனர், ஆகிவிடக்கூடிய ஓட்டைகள், தனி ஆளின் சர்வரைவிட ஷேர்டு சர்வரைத்தான் கடுமையாகத் தாக்கும். 2016 அக்டோபரில் வெளியே தெரிந்த டர்ட்டி கவ் என்ற ஓட்டை, 2007 முதலே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்தது. புதிய கெர்னலை நிறுவினால் மட்டும் போதாது, ரீபூட் ஆகும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். நிறுத்தவே முடியாது என்றால், ரீபூட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் வசதியாவது இருக்க வேண்டும். ரீபூட் இல்லாமல் ஓடிய நீண்ட அப்டைமைப் பெருமையாகக் காட்டுபவரின் சர்வரில் நான் என் தளத்தை வைக்க மாட்டேன்.

சர்வர் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் நினைவகத்தைத் தப்பாகக் கணக்கிடுவதுதான் காரணம். 200 கணக்குகளுக்குத் தலா 20 பிஎச்பி புராசஸ் அனுமதித்து, ஒவ்வொன்றும் 60 எம்பி எடுத்தால், 240 ஜிபி நினைவகம் வேண்டும். கூட்டம் சேர்ந்த நாளில் நினைவகத்துக்கு மாற்றாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் நிரம்பி, கடைசியில் கெர்னல் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லையே கொன்றுவிடும். கணக்குக்கு இவ்வளவுதான் சிபியு, இவ்வளவுதான் நினைவகம் என்று கெர்னலின் சிகுரூப் வசதி மூலம் எல்லை கட்டுங்கள். மைஎஸ்கியூஎல் இணைப்புகளுக்கும் பயனர்வாரியாக எல்லை வேண்டும். மொத்த வரம்பு இயல்பாக 151தான், தாறுமாறாக எழுதிய ஒரு தளமே அதை விழுங்கிவிடும். டிஸ்க்கில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று வந்தால், கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குவிந்த செஷன் கோப்புகள்தான் பலமுறை காரணம்.

வெளியே போகும் மெயிலுக்குக் கணக்குவாரியாக மணிநேர வரம்பு வைக்காமல் இருக்காதீர்கள். ஒரு தளம் ஸ்பாம் அனுப்பினால், ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறி எல்லோருடைய மெயிலும் நின்றுபோகும்.

பேக்கப்பில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு. சர்வரே பேக்கப் இடத்துக்குள் நுழைந்து எழுதுகிறது என்றால், ரூட் ஆனவன் அதே சாவியைக் கொண்டு பேக்கப்பையும் அழிப்பான். பேக்கப் மெஷின் இங்கே வந்து எடுத்துச் செல்லட்டும், அதன் சாவி இந்தச் சர்வரில் இருக்கக் கூடாது. மாதம் ஒரு கணக்கை வேறு மெஷினில் மீட்டு, டேட்டாபேஸும் மெயிலும் முழுதாக வருகின்றனவா என்று பாருங்கள்.