அலுமினியப் படகுக்கு உள்ளே பூசுவதற்கு முன்னால்

பழைய 14 அடி ரிவெட் படகு ஒன்று, அதாவது அலுமினியத் தகடுகளை ரிவெட் என்ற உலோக ஆணிகளால் இணைத்த படகு, மலிவாகக் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு டப்பா எபாக்சி (பூசினால் கெட்டியாக இறுகும் பிசின்) வாங்கி உள்ளே முழுக்கப் பூசியது. கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள சிம்கோ ஏரியில் இறக்கிய இரண்டாம் நாளே காலடியில் தண்ணீர். கசிவு நிற்கவில்லை, எங்கே கசிகிறது என்பதுதான் மறைந்துபோனது. பிறகு அதையெல்லாம் சுரண்டி எடுக்க ஒரு கோடை போனது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அதனால் முதலில் ஓட்டையைத் தேடுங்கள். தரைப் பலகை, கார்ப்பெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் மிதவை நுரையைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். படகு டிரெய்லரில் இருக்கும்போதே தண்ணீர் வடியும் துளையின் பிளக்கைப் போட்டு உள்ளே தண்ணீர் விடுங்கள், நாலு விரல் உயரம் போதும், நூறு லிட்டர் என்றாலே நூறு கிலோ, டிரெய்லர் தாங்க வேண்டும் அல்லவா. வெளியே அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கீழே படுத்துக்கொண்டு முதல் துளி எங்கே அரும்புகிறது என்று பாருங்கள். கொஞ்சம் விட்டால் துளி தகடுகள் சேரும் மடிப்பு வழியாக ஓடி வேறெங்கோ சொட்டும், அந்த இடத்தைப் பிடித்தால் ஏமாந்துபோவீர்கள். மார்க்கரால் வட்டம் போடுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கிராஃபைட் ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும்.

தளர்ந்த ரிவெட்டுக்கு இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட்டின் தலையில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் வால் பக்கத்தைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் பெரும்பாலும் இறுகிவிடும். இறுகாவிட்டால் துளையிட்டு எடுத்துவிட்டு, முனை மூடிய அலுமினிய ரிவெட்டை மரைன் பாலியூரிதேன் சீலன்ட்டில் (படகுக்கான கசிவடைக்கும் பசை) தோய்த்துப் போடுங்கள். சிலிகோன் பக்கமே போகாதீர்கள், அதன் மேல் பிறகு எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

இப்போது பூச்சு. வெள்ளைப் பொடி படிந்த இடங்களை நைலான் அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேயுங்கள், சாதாரண இரும்பு பிரஷ் துகளை விட்டுவைத்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, 80 எண் உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி மறுபடி துடைத்தால் போதும், ஆனால் பூசுவதை மறுநாளுக்குத் தள்ளிவைக்க வேண்டாம், அலுமினியத்தின் மேல் ஆக்சைடு உடனே திரும்பப் படியத் தொடங்கிவிடும். க்ளுவிட் மாதிரியான இரண்டு பாக எபாக்சியை மடிப்புகளிலும் ரிவெட் வரிசையிலும் மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து ஊறவிடுங்கள். குளிரில் அது இறுகாது, ஒன்ராறியோவில் ஜூன் வரை பொறுத்தால் நல்லது. வெயில் படும் இடம் என்றால் மேலே பெயின்ட் வேண்டும், எபாக்சிக்கு வெயில் ஆகாது. வேலை செய்யும் இடத்தின் கதவைத் திறந்துவைத்து, பூச்சின் ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே முழுக்கப் பெயின்ட் அடிக்கலாமா என்றால், நன்னீரில் ஓடும் படகுக்குத் தேவையில்லை என்பேன். வெறும் அலுமினியம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், அதைக் கெடுப்பது அருகில் வைக்கும் பொருள்தான். என் படகின் அடியில் சேற்றுக்குள் பழைய ஒரு சத நாணயம் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கீழே அதே வட்டத்தில் தகடு குழிந்திருந்தது, நகம் உள்ளே போனது. செம்பும் ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான். கரையானுக்கும் அழுகலுக்கும் மருந்தேற்றிய பிளைவுட்டிலும் பெரும்பாலும் செம்புதான் இருக்கிறது, தரைக்கு அதைப் போடாதீர்கள். சாதாரண வெளிப்புற பிளைவுட்டின் இரண்டு பக்கமும் விளிம்பும் எபாக்சி பூசிப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் திருகு என்றால் டெஃப்ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவி முடுக்குங்கள். ஈயக் குண்டு, தூண்டில் முள் எது விழுந்தாலும் அன்றைக்கே பொறுக்கிவிடுங்கள்.

பனிக்காலத்துக்கு நிறுத்தும்போது பிளக்கைக் கழற்றி, முன்பக்கத்தை ஒரு அடியாவது உயர்த்தி வையுங்கள். மடிப்பில் தங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் நீங்கள் இறுக்கிய ரிவெட்டை அதுவே தளர்த்திவிடும்.