பேனல்ல ஒட்டுற லேபிள் உரியாம இருக்கணும்னா

யாங்கோன்ல கரண்ட் போற போக்குக்கு வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர், கடைக்கு ஒரு ஜெனரேட்டர்னு ஆயிடுச்சு, அதுக்கு வர்ற சுவிட்ச் பேனல்ல பாதி சீன எழுத்தோட வருது, ராத்திரி காவல் இருக்கிற தர்வானுக்குப் புரியணுமேன்னு நாமளே பர்மா எழுத்துல லேபிள் அடிச்சு ஒட்டுறோம், மழை ஆரம்பிச்சா ஓரம் சுருண்டு தொங்குது. உடனே டேப் மட்டம்னு சொல்லிடுறோம். பெரும்பாலும் ஒட்டுன இடம்தான் அழுக்கா இருந்திருக்கும்.

மெயின ஆஃப் பண்ணிட்டு, ஜெனரேட்டர் ஆறினதும் ஆரம்பிங்க. பழைய லேபிளுக்கு ஹேர் ட்ரையர் காத்த கொஞ்சம் காட்டி, மெதுவா படுக்க வச்சு இழுத்தா பசையோட வந்துடும். மிச்சப் பசைய மண்ணெண்ணெய் தொட்டு எடுக்கலாம், ஆனா அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் புது லேபிளுக்கு எமன், அதனால சோப்புத் தண்ணி நனைச்ச துணியால நல்லா துடைச்சுட்டு அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போடுங்க. துணியில தொட்டுதான், பேனல் மேல நேரா ஊத்தவே கூடாது. அதைத் தானா காயவும் விடாதீங்க, ஈரம் இருக்கும்போதே வேற சுத்தமான துணியால துடைச்சு எடுக்கணும், இல்லன்னா கரைஞ்ச அழுக்கு திரும்ப அங்கயே படிஞ்சுடும். மீட்டர் முகப்புப் பக்கம் ஆல்கஹால், தின்னர் எதுவும் வேணாம், அது பல மீட்டர்ல கண்ணாடி இல்ல, அக்ரிலிக், மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். பளபளன்னு இருக்கணும்னு சிலிக்கான் பாலிஷ் போடுற ஆளுங்க இருக்காங்க, அதுக்கு மேல பசை பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். துடைச்ச இடத்துல கை வைக்காதீங்க, வெத்தலை போடுற கைன்னா கேக்கவே வேணாம்.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பேனல் தகடுல கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும், ஏசி ரூம்லேர்ந்து வெளிய கொண்டு வந்த பெட்டின்னா வேர்த்தே போயிடும். ட்ரையரால வெதுவெதுப்பாக்கிட்டு ஒட்டுங்க.

லேபிள் எதுன்னு கேட்டா, பில் அடிக்கிற தெர்மல் பேப்பர் வேணாம், சூட்டுல கறுத்துடும். வினைல் பரவால்ல ஆனா நாளாக ஆக சுருங்கி ஓரத்துல பசை தெரியும். பாலியெஸ்டர்தான் என் ஓட்டு. லேபிள் மெஷின் இருந்தா பிரதர் கம்பெனியோட டிஇசட்இ மாதிரி லேமினேட் டேப் வாங்குங்க, எழுத்து பிலிமுக்கு அடியில இருக்கும், துடைச்சாலும் போகாது. சொரசொரப்பான பவுடர் கோட்டிங் பேனலுக்கு ஸ்ட்ராங் பசை டேப்னே தனியா வருது. பர்மா எழுத்தைக் கொஞ்சம் பெருசா அடிங்க, சின்னதா அடிச்சா வட்டமெல்லாம் ஒண்ணா அடைஞ்சு எதுவும் படிக்க முடியாது. சிவப்பு எழுத்து வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், மஞ்சள்ல கறுப்பு நல்லது.

நாலு மூலையையும் கத்திரியால வளைச்சு வெட்டிடுங்க, கூர் மூலைதான் முதல்ல தூக்கும். ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, துணி சுத்துன பிளாஸ்டிக் கார்டால அழுத்தித் தேய்ச்சுட்டே போங்க, அந்த அழுத்தத்துலதான் பசை தகட்டோட பள்ளமேடுக்குள்ள இறங்கும். அன்னிக்கு முழுக்கத் தொடாதீங்க, அக்ரிலிக் பசை முழு பிடிப்புக்கு வர மூணு நாள்கூட ஆகும். தெருவோரம் நிக்கிற ஜெனரேட்டர்னா தண்ணி ஊத்தி விளையாடுற திஞ்சான் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒட்டிடணும், முந்தின நாள் ஒட்டிட்டு யார் மேலயும் கோவப்படக் கூடாது.

மேல கிளியர் பிலிம் போட்டா லேபிளத் தாண்டி சுத்தி மூணு நாலு மில்லிமீட்டர் வெளிய நிக்கட்டும். வார்னிஷ் மாதிரி அடிக்கிற லாக்கர் ஸ்ப்ரேன்னா முதல்ல வேஸ்ட் லேபிள்ல அடிச்சுப் பாருங்க, சில மை கரைஞ்சு ஓடிடும். கட்டைவிரல் படுற இடம், புகைக்குழாய்ப் பக்கம், டீசல் வழியுற இடம், இதெல்லாம் தவிர்க்கணும்.

எமர்ஜென்சி ஸ்டாப், லைன் கரண்ட்லேர்ந்து ஜெனரேட்டருக்கு மாத்துற சேஞ்ச் ஓவர், எர்த் இதுக்கெல்லாம் ஸ்டிக்கர நம்பாதீங்க, எழுத்து வெட்டுன பிளாஸ்டிக் தகடு செஞ்சு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. துளை போடுறதுக்கு முன்னாடி கதவுக்குப் பின்னால வயர் போகுதான்னு பாத்துட்டு, இரும்புத் தூள் உள்ள விழாம ஒரு பழைய கைலிய விரிச்சு மூடிக்கோங்க.