பிள்ளைகளைத் தெரியும் என்ற நினைப்பில் சிறிய பள்ளிகள் செய்யும் தவறுகள்

எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தமே நூற்றைம்பது பிள்ளைகள். கேட்டருகே நிற்கும் தாளாளர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தமிழ்நாட்டில் சிறிய தனியார் நர்சரி பிரைமரி பள்ளிகளைப் பெற்றோர் தேடி வருவது இந்த நெருக்கத்துக்காகத்தான். கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. எல்லாரையும் தெரியும் என்பதால் யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. கல்யாணம், பிரசவம், பக்கத்துப் பள்ளியில் ஆயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம் என்று வகுப்பு மிஸ் நடுவருடத்தில் நின்றுவிட்டால், வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விடும்.

ஒரு லாங் சைஸ் நோட்டில் பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். தேதி, கண்ணால் கண்டது, அதற்குச் செய்தது. தீர்ப்பு எழுதக் கூடாது. 'மந்தமாக இருக்கிறான்' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'செவ்வாய், புதன், வியாழன்: தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குப் போனது. மதியம் வயிறு வலி என்றான்' என்று இருந்தால், நேற்றுச் சேர்ந்த மிஸ்கூட முதலில் கழிப்பறையைப் போய்ப் பார்ப்பார். காரணம் பல சமயம் அங்கேதான் கிடக்கும்: தாழ்ப்பாள் எட்டவில்லை, உள்ளே இருட்டு, பெரிய பையன்கள் கதவைத் தட்டுகிறார்கள். அதற்குப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிக்காது. குடித்தாலும் அடக்கிக்கொள்ளும். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் இப்படியும் வருகின்றன. 'இன்டர்வெல்லில் ஏன் போகவில்லை' என்று யு.கே.ஜி. பிள்ளையை அதட்டுவது அடக்கும் பழக்கத்தை இன்னும் கெட்டிப்படுத்தும்.

படிப்பிலும் இதே ஏமாற்றம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கணீரென்று ஒப்பிக்கும். மிஸ்ஸும் 'நல்லா வாசிக்கிறான்' என்று டைரியில் எழுதி அனுப்பிவிடுவார். பத்தியின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து, முன்னும் பின்னும் மறைத்துக் கேளுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்பது அங்கே தெரிந்துவிடும். அதிகம் சறுக்குவது 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில். கொம்பு முன்னால், கால் பின்னால் என்று உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து நிற்பதால், பிள்ளை முதல் பாதியை மட்டும் பார்த்துக் 'கெ' என்றோ 'கே' என்றோ நிறுத்திவிடும். இதற்கு இம்போசிஷன் மருந்தல்ல. கெ, கா, கொ மூன்றையும் அட்டைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினமும் ஐந்து நிமிடம் காட்டினால் பிடிபடும்.

ஃபீஸ் பாக்கிக்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதற்கும், பரீட்சைத் தாள் தராமல் உட்கார வைப்பதற்கும் எந்தச் சமாதானமும் கிடையாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் (2009) 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. பாக்கி பற்றிய பேச்சு பெற்றோரோடு, ஆபீஸ் அறைக்குள்ளே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தன்னை யாரோ தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொல்லும்போது நடக்கிறது. 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மிஸ் வாக்குக் கொடுப்பார். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. அடுத்து தலைமை ஆசிரியை, தாளாளர், தாளாளரின் மனைவி என்று ஆளுக்கொரு முறை கேட்பார்கள். நாலாவது முறை பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அல்லது கேட்பவர் எதிர்பார்ப்பதைச் சொல்லத் தொடங்கும். குற்றம் சாட்டப்பட்டவரையே கூப்பிட்டு 'விசாரிப்பது' இன்னும் மோசம். சிறிய பள்ளியில் அவர் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருப்பார், விஷயம் அமுங்கிவிடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பதோடு நிறுத்துங்கள். 'அந்த மாமாவா தொட்டாரு?' என்று பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை, கொச்சையாக இருந்தாலும், அப்படியே அன்றைக்கே எழுதித் தேதி, நேரத்தோடு கையெழுத்துப் போடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் (2012) 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் கொடுப்பது கட்டாயம். பள்ளியின் பேரைக் காப்பாற்றுகிறோம் என்று இதைத் தள்ளிப்போட இடமில்லை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது என்பதையும் ஆசிரியைகளுக்கு ஜூனிலேயே சொல்லி வையுங்கள். பாதிப் பயம் அதில் போய்விடும். வழி தெரியாமல் நின்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

மாலை மணி அடித்ததும் கேட்டில் கூட்டம். 'சித்தப்பா வந்திருக்கேன்' என்பார் ஒருவர், பிள்ளையும் சிரிக்கும், ஆயாம்மா அனுப்பிவிடுவார். கூட்டிப்போகும் உரிமையுள்ளவர்களின் படமும் போன் எண்ணும் கேட்டிலேயே ஒரு ஃபைலில் இருக்க வேண்டும். அதில் இல்லாத ஆள் என்றால், அவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல, ஃபைலில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். சித்தப்பா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.