மாற்றுத்திறன் குழந்தைக்கு இணையத்தில் பாலியல் தொல்லை: சொல்ல வழி செய்வதும், சொன்னபின் செய்வதும்

“தெரியாதவர்களிடம் பேசாதே” என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நாலு நாள் சேர்ந்து கேம் ஆடியவன் அவர்கள் கணக்கில் தெரிந்தவன்தான். அதனால் ஆளை வைத்து விதி சொல்லாதீர்கள், செயலை வைத்துச் சொல்லுங்கள். “யார் கேட்டாலும் உடம்பைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது.” “யாராவது ‘வீட்டில் சொல்லாதே’ என்றால் அன்றைக்கே என்னிடம் காட்டணும்.” இந்த விதிகளைப் படமாக வரைந்து, போன் சார்ஜ் போடும் இடத்தில் ஒட்டுங்கள்.

பேசாத பிள்ளை தொட்டுக்காட்டிப் பேசும் படப்பலகையில் சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் இருக்கும். அந்தரங்க உறுப்புகள், ‘படம் கேட்டான்’, ‘தொட்டான்’, ‘ரகசியம்’, ‘பயம்’, ‘பிடிக்கலை’ பெரும்பாலும் இருக்காது. பலகையில் இல்லாததைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? இன்றே சேருங்கள். காது கேளாத பிள்ளைக்கு வீட்டுச் சைகையோடு இந்திய சைகை மொழியிலும் இவற்றைக் கற்றுக்கொடுங்கள். வீட்டுச் சைகை வெளி மொழிபெயர்ப்பாளருக்குப் புரியாமல் போகலாம். பார்வையற்ற பிள்ளைக்கு வீடியோ அழைப்பில் என்ன தெரிகிறது என்பது தெரியாது. தேவையில்லாத செயலிகளுக்குக் கேமரா அனுமதியை செட்டிங்ஸில் நிறுத்திவையுங்கள்.

நம்பிச் சொல்ல இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் வீட்டுக்கு வெளியே இருப்பவர். குளிப்பாட்டி உடுத்திவிடுபவரே குற்றவாளியாக இருக்கவும் கூடும்.

திடீரென்று தூக்கம் கெடுவது, போனைக் கண்டால் மிரள்வது, படுக்கையில் சிறுநீர் போவது போன்றவற்றை “அவனுக்கு இருக்கிற பிரச்சினைதான்” என்று தள்ளிவிடுகிறோம். பல மாதம் வீணாவது இங்கேதான்.

பிள்ளை சொல்லும்போது முகம் மாறாமல் கேளுங்கள். “சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை” என்பது போதும். “அந்த மாமாவா?” என்று பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளை பெரியவர்களைத் திருப்திப்படுத்த எதற்கும் தலையாட்டக்கூடும், பிறகு வாக்குமூலம் வலுவிழக்கும். “அப்புறம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பலகையில் தேடிக் காட்ட நேரமாகும்; கையைப் பிடித்து நகர்த்தாதீர்கள். சொன்ன வார்த்தை, காட்டிய சைகை, தேதி, நேரம் எல்லாவற்றையும் உடனே அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு உறவினர் முன்பும் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது.

போனைத் தண்டனையாகப் பிடுங்க வேண்டாம். காது கேளாத பிள்ளைக்கு அதுதான் வாய். பிடுங்கினால் அடுத்த தடவை மறைக்கும். ஆதாரத்துக்காக வாங்கினால் காரணம் சொல்லி, வேறொன்று கொடுங்கள்.

உரையாடலை அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, எண், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தானாக மறையும் செய்தியென்றால் இன்னொரு போனால் படமெடுங்கள். பிறகுதான் ரிப்போர்ட், பிளாக். பிள்ளையின் ஆபாசப் படம் இருந்தால் நகலெடுக்காமல், போன் அப்படியே போலீஸ் கைக்குப் போகட்டும். அதை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புவது ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 67பி பிரிவில் குற்றம். பிள்ளை பெயரில் அந்த ஆளிடம் நீங்களே பேசிப் பார்ப்பதும் வேண்டாம், உஷாராகி எல்லாவற்றையும் அழித்துவிடுவான். படம் பரவும் என்ற பயம் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ சேவை உதவும்: படம் உங்கள் போனைவிட்டுப் போகாது, அதன் கைரேகை போன்ற குறியீடு மட்டும் போகும், அதை வைத்து அதில் சேர்ந்துள்ள தளங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

புகாருக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்), தேசிய சைபர் குற்றப் புகார் தளம், அல்லது காவல் நிலையம். பணம் கேட்டு மிரட்டிப் பறித்திருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐயும் உடனே அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குற்றம் பற்றித் தெரியவந்த யாரும் புகார் செய்தே ஆகவேண்டும். ஆசிரியருக்கும் தெரபிஸ்டுக்கும் இது பொருந்தும். 24-வது பிரிவுப்படி போலீஸார் சீருடையின்றி, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். 26(3) பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாற்றுத்திறன் பிள்ளைக்குச் சிறப்பு ஆசிரியரோ, அதன் பேச்சுமுறை அறிந்தவரோ துணையிருக்க வழி செய்வது அதுதான். யாரும் முன்வந்து சொல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். மொழிபெயர்ப்பவர் குடும்பத்தாராக இல்லாமல் இருப்பது நல்லது. நீதிமன்றத்திலும் 38-வது பிரிவு இதே உதவியைத் தருகிறது.

பிறப்புச் சான்றிதழையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்துச்செல்லுங்கள். போக்சோவில் வயது என்பது பிறந்த தேதிக் கணக்குதான், மனவளர்ச்சிக் கணக்கல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் 18 வயது தாண்டியவர் என்றால், புகார் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான பொதுத் தண்டனைச் சட்டம்), ஐடி சட்டப் பிரிவுகளில் பதிவாகும்.