உகாண்டா கிராமப் பள்ளியில் நூலகம் அமைப்பது எப்படி?

ஆப்பிரிக்கப் பள்ளிக்கு நூலகம் என்றதுமே பலர் பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த வேலையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். உகாண்டாவில் 1997-இல் இலவசத் தொடக்கக் கல்வி வந்த பிறகு வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன, புத்தகங்கள் அந்த வேகத்தில் வரவில்லை. தேவை பெரிதுதான். ஆனால் வரிசை மாறினால் எல்லாம் வீணாகும்.

1. சாவி யார் கையில்?

தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முதலில் இதைக் கேளுங்கள். ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான நேரம் அவருடைய கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும். இது முடிவாகும் வரை ஒரு புத்தகம்கூட வாங்காதீர்கள்.

2. இடம்

தனிக் கட்டடம் வேண்டாம். பூட்டக்கூடிய அலமாரி போதும். அதுவும் இல்லையென்றால் வகுப்புக்கு வகுப்பு தூக்கிச் செல்லும் தகர டிரங்குப் பெட்டி போதும். நாட்டின் தென்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் தகரக் கூரை ஒழுகுகிறதா என்று மழை பெய்யும்போதே பாருங்கள். கறையானுக்கு இரும்பு ரேக்தான் நல்லது. மர அலமாரி என்றால் கால்களைப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

3. புத்தகங்கள்

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 2007-இல் வந்த பாடத்திட்டப்படி, கிராமப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு உள்ளூர் மொழியே பயிற்றுமொழி. நான்காம் வகுப்பில்தான் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்குகிறார்கள். ஆகவே கம்பாலாவைச் சுற்றி லுகாண்டா, குலு பக்கம் அச்சோலி, அருவா பக்கம் லுக்பாரா என்று அந்தந்த ஊர் மொழியில் கதைகள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைப் பெட்டியில் இவை இருக்காது. பனிமனிதன் கதையும் காலாவதியான கலைக்களஞ்சியமும்தான் இருக்கும். அவற்றைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

கம்பாலாவில் ஃபவுண்டன் போன்ற உள்நாட்டுப் பதிப்பகங்கள் இருக்கின்றன. 2014-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்’ தளத்தில் பல ஆப்பிரிக்க மொழிகளில் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இலவசமாக இறக்கி, அச்சிட்டு, பைண்ட் செய்யலாம். நல்ல கதை என்றால் ஐந்தாறு பிரதிகள் எடுங்கள். பிள்ளைகள் சேர்ந்து படிப்பார்கள். மேல் வகுப்புகளுக்கு அகராதி, நிலப்படம், அறிவியல் படப் புத்தகங்கள் வாங்குங்கள்.

4. பதிவேடு

ஒரு நீள நோட்டில் எண், தலைப்பு, மொழி எழுதுங்கள். பள்ளி முத்திரை குத்துங்கள். பெரிய நூலகங்களில் பாடவாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பு முறை இங்கே தேவையில்லை. வாசிப்பு நிலைக்கு ஒரு நிறமாக முதுகில் கலர் டேப் ஒட்டினால் சிறு பிள்ளையும் தானே எடுத்துத் திருப்பி வைக்கும்.

5. இரவல்

புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் இருந்தால் எந்த ஆசிரியரும் அலமாரியைத் திறக்கமாட்டார். கிழிவதும் தொலைவதும் கணக்கில் கழிக்கப்படும், பிள்ளைகளுக்கு அபராதம் கிடையாது என்று குழுவின் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் முக்கியமான காகிதம் இதுதான்.

மாலையில் பல பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்கும் வேலை காத்திருக்கும். அதனால் மதிய இடைவேளையில் திறந்து வையுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதிவேடு எழுதட்டும்.

டிசம்பரில் நீண்ட விடுமுறை தொடங்குமுன் எல்லாவற்றையும் திரும்பப் பெற்று எண்ணுங்கள். கிழிந்ததை ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு வாங்க வேண்டியவற்றின் பட்டியலை, எது அதிகம் நைந்திருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.