மாற்றிய வலைப்பக்கங்களை ஒழுங்குபடுத்திச் சர்வரில் ஏற்றுவது எப்படி?

பாமினி, திஸ்கி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்த பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டாலே வேலை முடிந்தது என்று புதியவர்கள் பலரும் எண்ணுகிறார்கள். எழுத்துரு மாற்றும் மென்பொருளான மாற்றியில் ஒட்டி எடுப்பது ஐந்து நிமிட வேலைதான். அதன் பிறகு பக்கங்களுக்குப் பெயரிட்டு, உரிய கோப்புறையில் வைத்து, இணைப்புகளைச் சரிபார்ப்பதில்தான் நாள்கள் கழிகின்றன. மதுரையின் வீதிகளையும் திருவிழாக்களையும் பற்றி, மேலமாசி வீதியில் டிடிபி கடை நடத்திய நண்பர் ஒருவர் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருந்த நாற்பது பக்கங்களை அண்மையில் வலையேற்றினேன். அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். (நம் ஊரின் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் வெளியீடுகளும் முதலில் திஸ்கி போன்ற பழைய முறைகளில் வந்து, பின்னரே யூனிகோடுக்கு மாறின.)

முதலில் கணினியில் ‘மூலம்’, ‘மாற்றியவை’, ‘ஏற்ற’ என்று மூன்று கோப்புறைகளை உருவாக்கிக்கொள்ளுங்கள். பழைய கோப்புகள் ‘மூலம்’ கோப்புறையில் கைபடாமல் இருக்க வேண்டும். மாற்றிய பக்கங்களை இரண்டாவதில் வைத்து, ஒவ்வொன்றையும் படித்துத் திருத்திய பிறகே மூன்றாவதற்கு நகர்த்துங்கள்.

படிக்கும்போது முதலில் தேட வேண்டியது கொம்பு. பழைய எழுத்துருக்களில் கொம்பை எழுத்துக்கு முன்பே தட்டச்சு செய்வோம். யூனிகோடிலோ அது எழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. மாற்றி இதைக் கவனிக்கத் தவறினால், சித்திரைத் திருவிழாவின் ‘கொடியேற்றம்’ உங்கள் பக்கத்தில் ‘ெகாடிேயற்றம்’ என்று நிற்கும். நோட்பேட் போன்ற உரைத்திருத்தியில் ஓர் இடைவெளியையும் அதையடுத்துத் தனிக்கொம்பையும் கொடுத்துத் தேடினால், சொல்லின் முதலில் வரும் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை சிக்கிவிடும். சொல்லின் நடுவில் வருபவற்றுக்குக் கண்தான் துணை.

பாமினியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், முழு எச்டிஎம்எல் கோப்பையும் மாற்றிக்குள் போட்டால் நிரல் குறிகளும் (< > அடைப்புக்குள் வருபவை) மின்னஞ்சல் முகவரிகளும்கூடத் தமிழாகிக் குலைந்துவிடும். குறிகளுக்கு இடையிலுள்ள உரையை மட்டும் எடுத்து மாற்றுங்கள். அதோடு, பாமினி எழுத்துருவைக் குறிப்பிடும் குறிகளையும் நீக்கிவிடுங்கள். அவை மிஞ்சினால், அந்த எழுத்துரு உள்ள கணினிகளில் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகத் தோன்றும்.

கோப்புகளை யூனிகோடுக்கான யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். நோட்பேடில் ‘ஆன்சி’ என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறும். அதிலிருந்து மூல உரையை மீட்க வழியில்லை. யூடிஎஃப்-8 என்பதை அறிவிக்கும் வரி (<meta charset="utf-8">), கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்குமாறு தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்தது பெயரிடுதல். கோப்புப் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி, தேவையான இடத்தில் இடைக்கோட்டுடன் அமையட்டும். தமிழில் பெயரிடுவதும் இயலும். ஆனால் ‘மதுரை’ என்னும் சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறியோடு சேர்ந்து மூன்று குறி என்பதால், முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது அது பெரும்பாலும் 45 குறிகள் கொண்ட சதவீதக்குறி வரிசையாக நீண்டுவிடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்துவதில்லை. பெரும்பாலான சர்வர்களில் உள்ள லினக்ஸ் பொருட்படுத்தும். கேமராவிலிருந்து வந்த படங்களின் ‘ஜேபிஜி’ என்னும் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்ததைக் கவனிக்காமல், பக்கங்களில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டு நான் ஏற்றினேன். வீட்டுக் கணினியில் எல்லாப் படங்களும் தெரிந்தன, சர்வரில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெப்பக்குளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் இருந்தது.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் ஐந்து அடுக்காக இருப்பது ஊருக்கு அழகு. சிறிய தளத்துக்கு இரண்டு அடுக்கு போதும். முகப்புப் பக்கம் வெளியிலும், வீதிகள், திருவிழாக்கள், படங்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புறைகளிலும் இருக்கட்டும். வீதிகள் கோப்புறையில் உள்ள பக்கம் படங்கள் கோப்புறையைச் சுட்ட வேண்டுமானால், இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டு (../) ஒரு படி வெளியேறி, பிறகு அந்தக் கோப்புறையின் பெயரை எழுத வேண்டும். சாய்கோடு முன்பக்கம் சாய்ந்ததாகவே இருக்கட்டும். வேர்டிலிருந்து மாற்றிய பக்கங்களில் ‘சி’ டிரைவில் தொடங்கும் முகவரிகள் ஒளிந்திருக்கும்; அவை உங்கள் கணினியில் மட்டுமே வேலை செய்யும். முகப்புக் கோப்பின் பெயர் ‘இண்டெக்ஸ்’ (index.html) என்றே இருக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவைத் திறங்கள். சர்வர் நிறுவனம் தந்த ஹோஸ்ட் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்து, எஸ்எஃப்டிபி (மறையாக்கத்துடன் கோப்பு அனுப்பும் முறை) வசதி இருந்தால் போர்ட் 22 வழியாக இணையுங்கள். போர்ட் 21 வழியே செல்லும் சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறையாக்கம் இன்றியே போகிறது. இடப்புறம் உங்கள் கணினியும் வலப்புறம் சர்வரும் தெரியும். பெரும்பாலான சர்வர்களில் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ (public_html) என்னும் கோப்புறைக்குள் இருப்பவை மட்டுமே வெளியுலகுக்குக் காட்டப்படும் என்பதால், அதற்குள் நுழைந்த பின்னரே ஏற்றத் தொடங்குங்கள். படங்களை முதலிலும், உள்பக்கங்களை அடுத்தும், முகப்பைக் கடைசியிலும் ஏற்றினால், இடையில் வந்து பார்ப்பவர் உடைந்த தளத்தைக் காண நேராது.

நடுவில் கரண்ட் போனால் ஏதேனும் ஒரு கோப்பு பாதியில் நின்றிருக்கும். தோல்வியுற்றவற்றின் பட்டியலைப் பாருங்கள்; இருபுறமும் கோப்பின் அளவு ஒத்திருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள். பக்கம் திறக்காமல் 403 (அனுமதி இல்லை) என்று வந்தால், கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என அனுமதி எண்களை அமையுங்கள். யார் சொன்னாலும், எல்லோருக்கும் எழுதும் உரிமை தரும் 777 வேண்டாம்.

இறுதியாக, வேறொருவரின் கைபேசியில் மொபைல் டேட்டா வழியாகத் தளத்தைத் திறந்து ஒவ்வோர் இணைப்பையும் தட்டிப் பாருங்கள். பிழை கண்டால் சர்வரில் கைவைக்காமல், ‘ஏற்ற’ கோப்புறையில் உள்ள கோப்பைத் திருத்தி அதை மட்டும் மீண்டும் ஏற்றுங்கள். இல்லையெனில், அடுத்த முறை மொத்தமாக ஏற்றும்போது பழைய பிழை மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.